தகரப் புனல்

ஸ்ஃபாக்ஸ்
12 அக்டோபர் 1999

அன்புள்ள மிஸ்பாஹ் அண்ணாவுக்கு,

உன் மீதும் அண்ணி மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் நலம். ஷேர் டாக்ஸிக்கார ஹாமித் பிஸீஸா சத்துமாவு டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். மப்ரூகா அண்ணி சோம்பை அள்ளிப் போட்டிருக்கிறார் போல, விடுதியே மணக்கிறது. என் அறைப் பெண்கள் மூன்று பேரும் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது நான்கு நாளைக்குத்தான். உன் இருமல் குறைந்ததா? அண்ணியின் முதுகுவலி எப்படி?

கல்லூரி தொடங்கிவிட்டது. பௌதிகத்தில் முதல் பாடம் வெப்ப இயக்கவியல். பெயரைக் கேட்டுப் பயந்துபோனேன். கடைசியில் பார்த்தால் நம் வாசலில் தினமும் நடக்கிற விஷயம். மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் ஆவி சூடானால் அழுத்தம் ஏறும், பாத்திரத்தை நாலாபக்கமும் தள்ளும். பேராசிரியர் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் வயிறு உப்பி நிற்கும் உன் பெட்ரோல் கேன்கள்தான் என் கண்ணில் நின்றன.

கேனைக் கழுத்து வரை நிரப்பாதே. பெட்ரோலும் விரியும், அதற்கு மேல் நிற்கும் ஆவியும் விரியும், இரண்டுக்கும் இடம் வேண்டும். நான்கு விரல் அளவு காலியாக விடு. சாக்கை நனைத்து மேலே போட்டு நிழலில் வை.

வாசலில் கேன் கேனாகப் பெட்ரோல் விற்கும் இந்த வியாபாரத்தை நீ விட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எல்லைச் சாலையில் வேறு வேலை இல்லை என்பதும் தெரியும். நான் இங்கே உட்கார்ந்து படிப்பதே அந்தக் கேன்களால்தான் என்பதும் தெரியும். அதனால் விடு என்று எழுதக் கை வரவில்லை. பத்திரமாகச் செய் என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் தங்கை
சலூஹா


பென் கர்தான்
29 அக்டோபர் 1999

என் அருமைத் தங்கை, பேராசிரியை சலூஹாவுக்கு,

உனக்கு ஆயிரம் சலாம். இருமல் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் அண்ணிக்கு என்னைத் திட்டும்போது மட்டும் முதுகு வலிப்பதில்லை. மற்றபடி இறைவன் அருளால் எல்லோரும் சுகம்.

நீ சொன்னபடியே நான்கு விரல் விட்டேன். சாக்கையும் நனைத்துப் போட்டேன். பக்கத்துக் கடைக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். “என்ன மிஸ்பாஹ், கேனுக்கு மூச்சுவிட இடம் குடுக்கறியா? தலகாணியும் வச்சிடு” என்றான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த இரண்டு வாரத்தில் என்னுடைய ஒரு கேன்கூடக் கசியவில்லை. அவனுடையது மூன்று மூடி பிய்த்துக்கொண்டது. நேற்று மெதுவாக வந்து எத்தனை விரல் என்று கேட்டான். என் தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அலைக்கழித்து அனுப்பினேன்.

படிப்பென்றால் சுவரில் மாட்டுகிற காகிதம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்படி வாசலுக்கு வந்து வேலை செய்யும் என்று தெரியாது. இன்னும் ஏதாவது சொல்லிக் கொடுத்தால் உடனே எழுது. கேட்டு நடக்கிறேன்.

உன் அண்ணன்
மிஸ்பாஹ்


ஸ்ஃபாக்ஸ்
21 டிசம்பர் 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோன்பு உங்கள் இருவருக்கும் லேசாக அமையட்டும். நான் சுகம். விடுதிக் கஞ்சி மட்டும் சுகமில்லை.

இப்போது நிலைமின்னியல் ஆரம்பித்திருக்கிறது. இன்று ஒரு பிளாஸ்டிக் கோலைக் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகள் அருகே நீட்டினார்கள். எல்லாம் துள்ளி ஒட்டிக்கொண்டன. பெண்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பச்சை பிளாஸ்டிக் புனலும், தூசியை வடிகட்ட அதற்குள் நீ விரித்திருக்கும் அண்ணியின் நைலான் முக்காடும் நினைவுக்கு வந்தன. பெட்ரோல் துணி வழியே ஓடும்போது அதுவும் உரசல்தான், அண்ணா. மின்னூட்டம் சேரும். காற்று வறண்டிருக்கும் நாளில் நிறையச் சேரும்.

பிளாஸ்டிக் போன்ற பொருள் மின்னூட்டத்தைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும், உலோகம் ஓடவிட்டுவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே பிளாஸ்டிக் புனலைத் தூக்கி எறி. தகரத்தில் ஒன்று செய்துகொள். வடிகட்டப் பருத்தித் துணி போடு. வாசலில் சிகரெட் பிடிக்காதே. ஒன்றையும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

பெருநாளுக்கு வருகிறேன்.

சலூஹா


பென் கர்தான்
16 ஜனவரி 2000

தங்கை சலூஹாவுக்கு,

பெருநாளுக்கு வந்து வீட்டை நிறைத்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. நாங்கள் நலம். குளிர் மட்டும் எலும்பைக் கடிக்கிறது.

நீ வண்டி ஏறிய மறுநாளே தகரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய எண்ணெய் டின்னை வெட்டி, பொருத்தி, ஈயம் வைத்து அழகான புனல் செய்து கொடுத்தார். கார் டாங்கிக்குள் வசதியாக நுழைய அடியில் முழ நீளத்துக்கு ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கிறேன். காலையில் தகரம் கையைக் கடித்ததால் பிடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றிவிட்டேன். இப்போது சாலை முழுக்க என்னுடையது மாதிரி புனல் எவனிடமும் இல்லை.

பழைய பச்சைப் புனலை எறிய மனம் வரவில்லை. மூக்கை அறுத்து, ஓட்டையைத் தாரால் அடைத்து, கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். கோழிகளுக்குப் பிடித்திருக்கிறது.

உன் அண்ணி இதையெல்லாம் பார்த்துவிட்டு, “உங்க தங்கச்சி எழுதினா மறுநாளே நடக்குது. நான் மூணு வருஷமா கதவுத் தாழ்ப்பாளை மாத்தச் சொல்றேன்” என்றாள். நீயும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துவிட்டு வா, மாற்றுகிறேன் என்றேன். அன்றிரவு எனக்குச் சூடான சாப்பாடு கிடைக்கவில்லை.

மிஸ்பாஹ்


ஸ்ஃபாக்ஸ்
8 மார்ச் 2000

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதைப் படிக்கும்போது கையில் புனல் இருந்தால் கீழே வை.

நான் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதி இன்றுதான் வகுப்பில் வந்தது. ஓர் உலோக உருண்டையை ரப்பர் காலில் நிறுத்தி மின்னூட்டினார்கள். பேராசிரியர் விரலை அருகே கொண்டுபோனார். சடக்கென்று நீலப் பொறி பாய்ந்தது. பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும், வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். உலோகம் ஓடவிடும் என்பது உண்மை. ஆனால் அது ஓடிப்போக ஒரு வழி வேண்டும். தரையோடு சேராமல் தனியே நிறுத்திய உலோகம், சேர்ந்தது எல்லாவற்றையும் ஒரே பொறியில் கொட்டிவிடும்.

உன் புனலுக்குக் கீழே ரப்பர்க் குழாய். மேலே ரப்பர் சுற்றிய பிடி. ஜனவரியில் நீ பெருமையாக எழுதியதைப் படித்து நானும் சிரித்தேன், அண்ணா. சிரித்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன்.

பிடியில் இருக்கும் ட்யூபைப் பிய்த்து எறி. புனல் விளிம்பில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டி, மறுமுனையை இரும்புக் கம்பியில் சுற்றி ஈரத் தரையில் அடி. அதைச் செய்யும் வரை யாருக்கும் ஊற்றாதே.

நாளைக் காலை செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் இந்த வருடமே போய்விடும். இல்லையென்றால் நானே வண்டி ஏறியிருப்பேன். மளிகைக்கடைத் தொலைபேசிக்கு இரண்டு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஹாமித் நாளை கிளம்புகிறாராம், அவரிடம் கொடுக்கிறேன். கட்டிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு.

சலூஹா


பென் கர்தான்
14 மார்ச் 2000

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை வேண்டுகிறோம். விரலில் கொப்புளம் வந்திருப்பதால் நான் சொல்ல மப்ரூகா எழுதுகிறாள்.

தியாகப் பெருநாளுக்கு நீ வர வேண்டாம். வண்டிகளில் ஆளும் ஆடுமாக நெரிசல். இரண்டு நாள் விடுமுறைக்கு அலைய வேண்டாம். அங்கேயே இருந்து படி. ஆடு அறுத்ததும் உன் பங்கை ஹாமித்திடம் கொடுத்து அனுப்புகிறோம்.

நீ எழுதியபடி கம்பி கட்டியாகிவிட்டது. கவலை வேண்டாம்.

மிஸ்பாஹ்


ஸ்ஃபாக்ஸ்
27 மார்ச் 2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

சலாம். நான் நலம் என்று எழுதினால் பொய்.

உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. கொப்புளம் விரலில்தானே, வாயில் இல்லையே. பெருநாள் இறைச்சி வந்தது. கூட வந்த பிஸீஸா கடையில் வாங்கியது. எனக்குத் தெரிந்து அண்ணி தன் கையால் வறுக்காத மாவை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

ஹாமித்திடம் விசாரித்தேன். “எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா” என்று சொல்லிவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. விடுதி வாசலில் நாலு பேரையாவது வம்புக்கு இழுக்காமல் கிளம்பாத மனிதர் அவர்.

கம்பியை எங்கே கட்டினாய்? எந்தக் கம்பி? உன் கையால் கோணல்மாணலாக ஒரு வார்த்தை எழுதியிருந்தாலும் நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

வியாழக்கிழமை வருகிறேன். பதில் எழுத வேண்டாம்.

சலூஹா


ஸ்ஃபாக்ஸ்
18 ஏப்ரல் 2000

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்களுக்குச் சலாம். நல்லபடியாக வந்து சேர்ந்ததை இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் முதுகுவலியோடு அண்ணனைத் தூக்கி உட்காரவைக்கிறீர்கள். எனக்கு இங்கே மேசையில் உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் அங்கே இருந்தேன். ஆடு, ஹாமித், கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. முகத்தில் கட்டு, இரண்டு கையிலும் கட்டு. நான் மூக்கை உறிஞ்சியதும், “அழாதே. உன் பேச்சைக் கேட்டு சிகரெட்டை விட்டுட்டேன், பாரு. பிடிக்கிறதுக்கு விரல் இல்ல” என்றான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முற்றத்துக்கு வந்து, காலியாகக் கிடந்த பச்சைக் கிண்ணத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

உங்களை நேரில் கேட்க வாய் வராததை இப்போது கேட்கிறேன். மார்ச் எட்டாம் தேதி நான் எழுதிய கடிதம் எந்த நாள் வந்தது? விபத்துக்கு முன்னாலா, பின்னாலா? அதை அவன் படித்தானா? அன்று அவன் கையில் இருந்தது எந்தப் புனல்?

நான் தேர்வு எழுதப் போவதில்லை. நிலைமின்னியல் புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கம்தான் வருகிறது. பாதி படித்துவிட்டு முழுதும் தெரிந்தவள் போல் எழுதினேன். அவன் கேட்டு நடந்தான். இனி இதைப் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்துவிடுகிறேன், உங்களுக்கு ஒரு கையாவது கூட இருக்கும்.

சலூஹா


பென் கர்தான்
3 மே 2000

சலூஹாவுக்கு,

சலாம். அவருக்குக் காய்ச்சல் விட்டது. வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணின் கட்டை ஜூன் இருபதில் அவிழ்ப்பார்கள். பார்வை இருக்கும் என்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மார்ச் பத்து, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வண்டிகள் வரிசையாக நின்றன. பாலைவனத்துச் சூடான காற்று காலையிலிருந்தே அடித்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வண்டிக்கு ஊற்றி முடித்துப் புனலை வெளியே எடுத்தார். விளிம்பு வண்டியின் பக்கம் போனதைப் பார்த்தேன். சடக்கென்று சின்னச் சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. அதற்குப் பிறகு நான் பார்த்ததை எழுத மாட்டேன்.

உன் கடிதம் மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. பெருநாள் கூட்டமெல்லாம் வேறு ஊர்களுக்கே போனதால் வியாழனன்று ஹாமித்துக்கு எல்லைப் பக்கம் சவாரி கிடைக்கவில்லையாம், இரண்டு நாள் தாமதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் பிரித்தேன். நான் ஆறாவது வரைதான் படித்தவள். மூன்று முறை படித்தேன், புரிந்தது. அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். சுகம் விசாரித்திருக்கிறாள் என்றேன். கம்பி கட்டியாகிவிட்டது என்று உனக்கு வந்த வரி அவர் சொன்னதல்ல, நானாக எழுதியது. உன் தேர்வு முடியட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் உன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். இதையும் தெரிந்துகொள். இப்போது திட்டுவதற்குத் தெம்பு இல்லை. நீ இங்கே வந்து என் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்தால் உன்னையும் சேர்த்து நான் பார்க்க வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

தேர்வு எழுத மாட்டேன் என்று சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். அதை மறைக்க என்னால் முடியவில்லை.

மப்ரூகா


பென் கர்தான்
17 மே 2000

படிப்பை விடப்போகிற பேராசிரியைக்கு,

சலாம். எனக்கு ஒன்றும் குறையில்லை. சோறு ஊட்டிவிட ஆள், சொன்னதை எழுத ஆள். ஊரில் எந்த அதிகாரிக்கு இந்த வசதி உண்டு?

மார்ச் மாதத்துக் கடிதத்தை நேற்று உன் அண்ணியை வற்புறுத்தி வாசிக்கச் சொன்னேன். ஆக, இதற்குத்தான் இத்தனை அழுகையா? அட, கழுதை. அந்தத் தகரப் புனலை நான் பத்து நாள்கூட வைத்திருக்கவில்லை. கனம் தாங்கவில்லை, மணிக்கட்டு வலித்தது. ஆணியில் மாட்டிவிட்டுப் பழைய பச்சைப் புனலையே எடுத்துக்கொண்டேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று எழுதவில்லை. அன்றும் என் கையில் இருந்தது அந்த பிளாஸ்டிக் சனியன்தான். உன் சொல்லைக் கேட்காததால் வந்த வினை. கேட்டிருந்தால் இப்போது முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே பழியை உன் தலையில் போட்டுக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. அது என்னுடையது, விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ போய்த் தேர்வை எழுது. நிலைமின்னியல் தாளை முதலில் எழுது. எழுதாவிட்டால், இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எதற்கு இத்தனை வருடம் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

உன் அண்ணன்
மிஸ்பாஹ்

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். – மப்ரூகா


ஸ்ஃபாக்ஸ்
10 ஜூன் 2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் சலாம். நான் நலம், நேற்று வயிறாரச் சாப்பிட்டேன். காய்ச்சல் திரும்பி வரவில்லையே? அண்ணியைத் தாழ்ப்பாள் விஷயத்தில் இனிமேலாவது ஏமாற்றாதே. விடுமுறைக்கு வரும்போது நான் மாற்றுகிறேன்.

தேர்வு முடிந்தது. எல்லாத் தாளும் எழுதினேன். நிலைமின்னியலில் நான்காவது கேள்வி நமக்குத் தெரிந்ததுதான். தரையோடு இணைக்கப்படாத ஓர் உலோகப் பாத்திரத்தில் சேரும் மின்னூட்டத்தைக் கணக்கிடு, அது பொறியாக வெளிப்பட்டால் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்குமா என்று விளக்கு. கணக்கை முதலில் போட்டு முடித்தேன். பிறகு எழுதினேன். பிடிக்கும் என்று எழுதினேன். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் பெற்றது நான் ஒருத்திதான் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னார்.

நீ என் சொல்லைக் கேட்காமல் பச்சைப் புனலை எடுத்ததற்கு உன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் மனம் லேசாகிவிட்டது. வந்து நேரில் சண்டை போடுகிறேன்.

உன் தங்கை
சலூஹா

அண்ணி, அவனுக்கு இதுவரை வாசித்துக் காட்டினால் போதும். இதற்குக் கீழே உங்களுக்கு.

ஜனவரியில் அவன் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. மூக்கை அறுத்து ஓட்டையைத் தாரால் அடைத்ததாக அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏப்ரலில் நான் தண்ணீர் ஊற்றியது அதில்தான். தார் பூசிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அதை எழுதினோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது போல.

இருபதாம் தேதி கட்டு அவிழ்க்கிறார்கள். முற்றத்துக்கு வந்தால் அவன் கண்ணில் முதலில் படுவது கோழிகள்தான். அதற்குள் அந்தக் கிண்ணத்தை எடுத்து எங்கேயாவது புதைத்துவிடுங்கள். நான் அதைப் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது. கோழிகளுக்கு ஒரு மண்சட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன்.